புல்லட்டின் சின்ன லீவர்: காலையில் கிக்கர் இறங்க மாட்டேன் என்கிறது, கழற்றிவிடலாமா?

தங்கச்சிமடம் 350 கேட்டது:

வணக்கம். மாமனார் வண்டி என் கைக்கு வந்திருக்கிறது. 1986 மாடல் புல்லட் 350. இரும்பு எஞ்சின், தீப்பொறியை விடுகிற பாயிண்ட், வலது பக்கம் கியர், எல்லாம் பழைய மாதிரியேதான். ராமேஸ்வரம் தீவுக்கு ரோட்டுப் பாலம் வருவதற்கு முன்பே வாங்கிய வண்டி. பாலம் 1988-ல்தானே திறந்தார்கள். அதற்கு முன்னால் ராமநாதபுரம் போக வேண்டும் என்றால் வண்டியை ரயிலில் ஏற்ற வேண்டும், அதனால் இந்தத் தீவுக்குள்ளேயேதான் சுற்றிக்கொண்டிருந்தேன் என்பார். முட்டி தேய்ந்ததிலிருந்து அவர் தொடுவதில்லை.

வண்டி சூடாக இருந்தால் பிரச்சினையே இல்லை, ஒன்றிரண்டு மிதியில் பிடித்துக்கொள்ளும். காலையில்தான் சண்டை. வலைக் கொட்டகைக்குப் பக்கத்தில் நிறுத்துகிறேன். இப்போது வாடை அடிக்கிற நேரம், விடிகாலையில் டாங்க் மேல் தண்ணீர் சொட்டுகிறது. கிக்கர் மேல் ஏறி நின்றால் நின்ற இடத்திலேயே நிற்கிறது. என் எடை 58 கிலோ, மாமனார் என்னைவிட ஒன்றரை மடங்கு இருப்பார், அவருக்கு ஒரே மிதியில் பிடிக்கும். கோபத்தில் எகிறிக் குதித்து மிதித்தால் சில நேரம் ரிட்டர்ன் அடிக்கிறது, கிக்கர் திரும்பி வந்து காலில் மோதுகிறது. கணுக்காலுக்கு மேலே வீங்கி, முந்தாநாள் கடலுக்குப் போகவில்லை.

இடது ஹேண்டில்பாரில் கிளட்ச் பக்கம் ஒரு சின்ன லீவர் இருக்கிறது. கேபிள் துருப்பிடித்து இறுகியிருக்கிறது. பிடித்தால் சில நேரம் வேலை செய்யும், சில நேரம் பிடித்த இடத்திலேயே நின்றுவிடும், திரும்பாது. ராமநாதபுரத்தில் ஒரு பட்டறையில் காட்டினேன். "அது அந்தக் காலத்து வேஸ்ட் ஐட்டம், கழற்றிட்டு போல்ட் போட்டு அடைச்சுத் தாரேன், வண்டி பிக்கப்பும் கூடும்" என்றார்கள்.

யாரோ வீடியோவில் லீவரைப் பிடித்துக்கொண்டே மிதிக்கச் சொன்னார்கள். அப்படிச் செய்தால் கிக்கர் சிரமமே இல்லாமல் இறங்குகிறது, ஆனால் எஞ்சின் பிடிக்கவே இல்லை. இந்த லீவர் உண்மையில் எதற்கு? கழற்றலாமா, வைத்துக்கொள்ளலாமா?

உச்சிப்புளி ரைடர்:

என் வண்டியில் கழற்றிப் பல வருஷம் ஆகிறது, ஒரு குறையும் இல்லை. சோக் போடுங்கள், பிளக்கைக் கழற்றித் துடையுங்கள், பாயிண்டை ஒரு தேய் தேயுங்கள். காலையில் பிடிக்காததற்கு 90 சதவீதம் அதுதான் காரணம். மிதிக்கிற பழக்கம் வந்துவிட்டால் லீவர் தேவையில்லை மாப்ள.

பாம்பன் வள்ளத்தார்:

தம்பி, கழற்ற வேண்டாம். நான் பைக் மெக்கானிக் இல்லை, வள்ளத்து டீசல் எஞ்சின் வேலை பார்க்கிறவன். ஆனால் அந்த லீவரைப் பற்றிப் பேச அந்த வேலைதான் சரியான பள்ளிக்கூடம். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

உச்சிப்புளித் தம்பி சொன்னது அவர் வரைக்கும் சரி. பிளக்கும் பாயிண்டும் முதலில் பார்க்க வேண்டியவைதான். ஆனால் நீங்கள் கேட்டது எஞ்சின் பிடிக்காததைப் பற்றி மட்டும் இல்லை, கிக்கரே இறங்காததைப் பற்றி. பிளக்கைத் துடைத்தால் கிக்கர் இறங்காது.

உங்கள் எஞ்சின் போர் 70 மி.மீ., ஸ்ட்ரோக் 90 மி.மீ., மொத்தம் 346 சிசி. பிஸ்டன் மண்டையின் பரப்பு 38 சதுர சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் மேலே வரும். கேஜ் வைத்துப் பார்த்து 100 பிஎஸ்ஐ காட்டுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள், அதாவது சதுர சென்டிமீட்டருக்கு 7 கிலோ. பெருக்கினால் பிஸ்டன் தலையில் 270 கிலோ உட்கார்ந்திருக்கிறது. கிராங்க், கியர், கிக்கர் நீளம் எல்லாம் சேர்ந்து அதில் ஒரு பங்குதான் உங்கள் காலுக்கு வருகிறது. அந்தப் பங்கே 58 கிலோ ஆளை நிறுத்திவைக்கப் போதும். பிஸ்டனைச் சுற்றிக் காற்று கசியாமல் பிடிக்கிற ரிங் நன்றாக இருக்கிறது என்பதற்கு அதுவே அத்தாட்சி. ஏறி நின்றதும் புஸ்ஸென்று இறங்கியிருந்தால்தான் நான் கவலைப்படுவேன்.

காலையில் மட்டும் ஏன் இப்படி? எஞ்சினை அணைத்ததும் பிஸ்டன் தோன்றிய இடத்தில் நிற்பதில்லை. சுற்றுகிற வேகம் குறைந்து குறைந்து, அடுத்த கம்ப்ரஷன் மேட்டை, அதாவது காற்றை அமுக்கிக்கொண்டு மேலே ஏறுகிற கட்டத்தை, ஏற முடியாமல் அதன் அடிவாரத்தில் நின்றுவிடும், அல்லது பாதி ஏறிப் பின்னால் சரிந்து நிற்கும். ராத்திரி நிறுத்திவிட்டுப் போனால் காலையில் நீங்கள் வைக்கிற முதல் மிதி நேராக அந்த மேட்டில் போய் இடிக்கிறது. கிராங்க்கோடு சுற்றுகிற கனமான சக்கரமான ஃபிளைவீல் ஒரு அங்குலம்கூடச் சுற்றவில்லை, வேகமே இல்லை, அதற்குள் 270 கிலோவைத் தள்ளு என்றால் எப்படி?

இதோடு எண்ணெய் சேர்கிறது. நம் ஊரில் ஜனவரியில்கூட 20 டிகிரிக்குக் கீழே போவது அபூர்வம், இதைக் குளிர் என்று சொன்னால் ஊட்டிக்காரர்கள் சிரிப்பார்கள். ஆனால் எஞ்சினுக்கு 25 டிகிரியும் குளிர்தான். 20டபிள்யூ-50 எண்ணெய் 100 டிகிரியில் இருக்கிற நிலையை விட 40 டிகிரியில் எட்டு மடங்கு வாக்கில் கெட்டியாக இருக்கும், 25-ல் அதைவிடவும் கெட்டி. கிளட்ச் பிளேட்டுகளும் ராத்திரியில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். பெட்ரோல் வேறு, குளிர்ந்த இரும்பில் பட்டால் ஆவியாகாமல் துளியாக நிற்கும். அதனால்தான் சோக். சோக் பெட்ரோலைக் கூட்டிக் கொடுக்கிறது, லீவர் எஞ்சினைச் சுற்றவிடுகிறது. ஒன்று செய்கிற வேலையை மற்றது செய்யாது. லீவர் இருக்கிறதே என்று சோக் போடாமல் மிதித்தால் கால்தான் ஓயும்.

இப்போது லீவர். இதற்கு டீகம்ப்ரஷன் லீவர், அதாவது அமுக்கத்தை இறக்குகிற லீவர் என்று பெயர். ஹெட்டில் பிளக் தவிர இன்னொரு குட்டி வால்வு இருக்கிறது. லீவரைப் பிடித்தால் கேபிள் அதைத் திறக்கும், பிஸ்டன் அமுக்குகிற காற்று வெளியே போய்விடும். காதை வைத்துக் கேட்டால் ஸ்ஸ் என்று தெரியும். அமுக்கம் இல்லாவிட்டால் எஞ்சின் பிடிக்காது. அதனால்தான் பிடித்துக்கொண்டே மிதித்தபோது உங்களுக்கு ஸ்டார்ட் ஆகவில்லை. அந்த வீடியோக்காரர் பாதியைத்தான் சொல்லியிருக்கிறார்.

லீவர் கிக் அடிக்கிற நேரத்துக்கானது இல்லை. கிக்குக்கு முன்னால் பிஸ்டனை இடம் பார்த்து நிறுத்துவதற்கானது. நான்கு ஸ்ட்ரோக் எஞ்சினில் ஒரு கம்ப்ரஷன் மேட்டுக்கும் அடுத்த மேட்டுக்கும் இடையில் கிராங்க் இரண்டு முழுச் சுற்று சுற்றுகிறது. மேட்டை இப்போதுதான் தாண்டிய இடத்தில் பிஸ்டனை நிறுத்திவிட்டு மிதித்தால், அடுத்த மேடு வருவதற்குள் ஏறக்குறைய இரண்டு சுற்று சும்மா கிடைக்கும். அந்தக் கனமான ஃபிளைவீல் அதற்குள் வேகம் எடுத்துவிடும். அடுத்த மேட்டை ஏறுவது உங்கள் கால் இல்லை, ஃபிளைவீல். மாமனாருக்கு ஒரே மிதியில் பிடித்தது உடம்பு கனத்தால் என்று நினைக்காதீர்கள். அவரையே கேட்டுப் பாருங்கள், லீவரைத் தொடாமல் மிதித்திருக்க மாட்டார்.

செய்கிற முறை: சாவி போடாமல் கிளட்ச்சைப் பிடித்து ஒன்றிரண்டு மிதி, பிளேட் பிரியட்டும். பிறகு சோக் போட்டு, லீவரைப் பிடித்து, மூன்று நான்கு முறை மெதுவாக இறக்குங்கள், எண்ணெயும் பெட்ரோலும் போக வேண்டிய இடத்துக்குப் போகும். அடுத்து சாவியைப் போட்டு ஹெட்லைட்டுக்கு மேலே இருக்கிற ஆம்பியர் மீட்டரைப் பாருங்கள். பாயிண்ட் மூடியிருந்தால் முள் மைனஸ் பக்கம் சாய்ந்திருக்கும். லீவரை விட்டுவிட்டு, கையால் அழுத்துகிற மாதிரி மெதுவாகக் கிக்கரை இறக்குங்கள். கால் இறுகுகிற இடத்தில் முள் நடுவுக்குத் திரும்பும். பாயிண்ட் திறந்துவிட்டது, பிஸ்டன் மேட்டின் உச்சியை நெருங்கிவிட்டது என்று அர்த்தம். அங்கே நிறுத்தி, லீவரைப் பிடித்து, கிக்கரை இன்னும் இரண்டு விரற்கடை மட்டும் தள்ளுங்கள். லீவரை விடுங்கள். கிக்கர் மேலே வரட்டும். இப்போது ஆக்சிலரேட்டரைத் தொடாமல், அடி வரைக்கும் ஒரே நீள மிதி. வெட்டி வெட்டி மிதிக்கக் கூடாது.

முள் வேலை செய்யாத வண்டியாக இருந்தால் காலின் இறுக்கத்தை வைத்தே கண்டுபிடிக்கலாம், பழக வேண்டும். ஆனால் முள் இருக்கும்போது எதற்குக் கஷ்டம்?

ரிட்டர்ன் அடிப்பது தனிச் சங்கதி. பாயிண்ட் உச்சிக்குச் சற்று முன்னாலேயே தீப்பொறி விடும். வேகமாகச் சுற்றுகிற எஞ்சினில் தீ பரவுவதற்குள் பிஸ்டன் உச்சியைத் தாண்டிவிடும். பாதி வேகத்தில் தயங்கித் தயங்கி ஏறும்போது வெடித்தால் வந்த வழியே திருப்பித் தள்ளும், கிக்கர் காலைத் தூக்கி அடிக்கும். இடம் பார்த்து நிறுத்தி மிதித்தால் இது பெருமளவு குறையும். குறையவில்லை என்றால் டைமிங் முன்னால் வைக்கப்பட்டிருக்கிறது, அல்லது வேகத்துக்கு ஏற்பத் தீப்பொறியை முன்னால் தள்ளுகிற அட்வான்ஸ் எடைகளின் ஸ்பிரிங் தளர்ந்து அவை விரிந்தே நிற்கின்றன. அதைப் பார்க்காமல் இனி மிதிக்காதீர்கள். செருப்புக் காலோடு மிதிக்கவே மிதிக்காதீர்கள்.

இனி வள்ளத்துக் கதை. டீசலுக்குப் பிளக் கிடையாது, அமுக்குகிற சூட்டிலேயே எரிய வேண்டும். அதனால் பெட்ரோல் எஞ்சினில் காற்றை எட்டில் ஒன்றாகவோ ஒன்பதில் ஒன்றாகவோ அமுக்கினால், டீசலில் பதினாறில் ஒன்று, பதினெட்டில் ஒன்று வரை அமுக்குகிறோம். ஹேண்டில் போட்டுக் கையால் சுற்றுகிற ஒற்றை சிலிண்டர் எஞ்சினை லீவர் இல்லாமல் சுற்ற எந்தப் பயில்வானாலும் முடியாது. வால்வு கவர் மேலே லீவரைத் தூக்கிவிட்டு, ஹேண்டிலைச் சுற்று சுற்று என்று சுற்றி, ஃபிளைவீல் உறுமுகிற வேகம் வந்ததும் லீவரைப் படக்கென்று கீழே தட்டுவோம். டப் என்று ஒரு அடி, அப்புறம் ஓட ஆரம்பித்துவிடும். நான் முதலில் கற்றுக்கொண்ட வேலையே அதுதான். அந்த லீவரை வேஸ்ட் என்று இந்தக் கரையில் ஒரு ஆள் சொல்லட்டும் பார்ப்போம்.

உங்கள் எதிரி உப்பு. கேபிளில் ஹேண்டில் பக்கத்து முனையில், கழுத்து வளைகிற இடத்தில் இழைகள் துருப்பிடித்து உப்பிப்போகும். லீவர் திரும்பாமல் நிற்கிறது என்றால் வால்வு அரைகுறையாகத் திறந்தே கிடக்கிறது. அந்த நிலையில் ஓட்டினால் எரிகிற வாயு, வால்வு உட்காருகிற அந்தச் சின்ன சீட்டின் வழியாகவே பீறிட்டுச் சீட்டைத் தின்றுவிடும். "பிக்கப் கூடும்" என்று பட்டறையில் சொன்னது இதனால்தான். ஒழுகுகிற வால்வை அடைத்தால் பிக்கப் கூடாமல் என்ன செய்யும்? கேபிளை மாற்றினாலும் அதே பிக்கப் வரும்.

கேபிளைக் கழற்றிவிட்டு ஒரு நாள் ஓட்டிப் பாருங்கள். ஒழுகல் நின்றால் குறை கேபிளில். அப்படியும் ஸ்ஸ் என்றால் வால்வில் கார்பன். கழற்றித் துடைத்து, சீட்டில் கொஞ்சம் கிரைண்டிங் பேஸ்ட் வைத்துத் திருகிவிட வேண்டும், அரை மணி நேர வேலை.

கீழக்கரை கிளாசிக்:

அண்ணே, நல்ல விளக்கம். என் வண்டி 2014 கிளாசிக் 350, செல்ஃப், கிக் இரண்டும் உண்டு. இந்த லீவரே இல்லையே? ஆனால் கிக்கரும் அவ்வளவு கஷ்டமாக இல்லை. கம்பெனிக்காரன் விட்டுவிட்டானா?

இன்னொன்று, வெளிநாட்டில் இருந்தபோது யமஹா எஸ்ஆர்400 ஒன்றைப் பார்த்தேன். செல்ஃப் கிடையாது, கிக் மட்டும்தான். அதிலும் இடது கையில் இப்படி ஒரு லீவர், போதாததற்கு ஹெட்டின் பக்கத்தில் ஒரு குட்டிக் கண்ணாடி ஜன்னல். அதில் அடையாளம் தெரிந்ததும் மிதிக்க வேண்டுமாம். 1978-ல் வந்த வண்டியை 2021 வரைக்கும் கிக்கோடேயே விற்றார்கள். எனவே "அந்தக் காலத்து வேஸ்ட்" என்பதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

பாம்பன் வள்ளத்தார்:

காக்கா (உங்கள் ஊரில் அண்ணனை அப்படித்தானே கூப்பிடுவீர்கள்), உங்கள் வண்டியிலும் இருக்கிறது, கண்ணுக்குத்தான் தெரியாது. இரும்பு எஞ்சினுக்குப் பிறகு வந்த யூசிஇ எஞ்சினில் (கியர்பாக்ஸும் எஞ்சினும் ஒரே கூட்டில் இருப்பது) அந்த வேலையை, புகை வெளியேறும் வால்வைத் திறக்கிற எக்ஸாஸ்ட் கேமே தானாகச் செய்துகொள்கிறது.

எக்ஸாஸ்ட் கேமோடு சேர்த்து ஸ்பிரிங் பிடித்த ஒரு சின்ன எடை இருக்கும். எஞ்சின் நிற்கும்போதும் கிக்கில் மெதுவாகச் சுற்றும்போதும் ஸ்பிரிங் அதை உள்ளே இழுத்து வைத்திருக்கும். அப்போது கேமின் உருண்டைப் பக்கத்தில் ஒரு பின் துளி அளவு துருத்திக்கொண்டு நிற்கும். கம்ப்ரஷன் நேரத்தில் அந்தத் துருத்தல் எக்ஸாஸ்ட் வால்வை மயிரிழை தூக்கிவிடும், அமுக்கத்தில் ஒரு பங்கு ஒழுகும், காலுக்கும் செல்ஃப் மோட்டாருக்கும் சுமை குறையும். எஞ்சின் பிடித்து வேகம் வந்ததும் எடை வெளியே விரியும், பின் உள்ளே போய்விடும், வால்வு முழுசாக மூடிக்கொள்ளும். ஐடில் வேகத்துக்குக் கீழேயே இந்த மாற்றம் நடந்துவிடும் என்பதால் ஓட்டுகிறவருக்கு எதுவும் தெரியாது.

முழு அமுக்கத்தையும் விடுவதில்லை என்பதுதான் இதன் சூட்சுமம். கை லீவர் எல்லாக் காற்றையும் விடும், அதனால் அதைப் பிடித்தபடி ஸ்டார்ட் ஆகாது. இது கொஞ்சம் மிச்சம் வைக்கும், அந்த மிச்சத்திலேயே எஞ்சின் பிடித்துக்கொள்ளும்.

உங்களுக்கு ஒரு எச்சரிக்கை. பேட்டரி இறங்கியிருக்கும்போது செல்ஃபை அழுத்தி அழுத்திப் பார்க்காதீர்கள். மோட்டார் மேட்டின் பாதியில் திணறி நிற்கும், எஞ்சின் பின்னால் உதைக்கும், அந்த உதை நேராக ஸ்டார்ட்டரின் ஸ்ப்ராக் கிளட்ச்சில், அதாவது ஒரு பக்கம் மட்டும் பிடிக்கிற கிளட்ச்சில், போய் விழும். அப்புறம் செல்ஃப் போட்டால் கர் கர் என்று சுற்றும், எஞ்சின் திரும்பாது. காலையில் முதல் ஸ்டார்ட் கிக்கில் போடுவது உங்கள் வண்டிக்கும் நல்ல பழக்கம்.

மூக்கையூர் அலை:

சம்பந்தம் உண்டா தெரியவில்லை, கேட்டுவிடுகிறேன். எங்கள் மீன் கொட்டகையில் கயிறு இழுத்து ஸ்டார்ட் பண்ணுகிற பெட்ரோல் ஜெனரேட்டர் இருக்கிறது. முன்பு பொம்பளைப் பிள்ளைகள்கூட இழுப்பார்கள். இப்போது இழுத்தால் பாதியில் பிடித்துக்கொண்டு கையைப் பிடுங்குகிறது. பிளக், கார்புரேட்டர் எல்லாம் மாற்றியாயிற்று.

பாம்பன் வள்ளத்தார்:

சம்பந்தம் நிறையவே உண்டு. டேப்பெட் கேப்பை, அதாவது வால்வுக்கும் அதைத் தள்ளுகிற பாகத்துக்கும் நடுவில் விடுகிற இடைவெளியைப் பாருங்கள், பெரும்பாலும் அதுதான்.

அந்த எஞ்சின்களிலும் கேமில் அதே மாதிரி துருத்தல் இருக்கிறது. அது வால்வைத் தூக்குவது மயிரிழை அளவுதான் என்றேன் அல்லவா? டேப்பெட் தேய்ந்து இடைவெளி கூடினால் அந்தத் தூக்கல் முழுவதும் இடைவெளியை நிரப்பவே சரியாகிவிடும், வால்வு அசையவே அசையாது. எஞ்சின் முழு அமுக்கத்தோடு கயிற்றை எதிர்க்கும். ஃபீலர் கேஜ் வைத்து, எஞ்சின் நன்றாக ஆறிய பிறகு, புத்தகத்தில் போட்டிருக்கிற அளவுக்கு வைத்தால் கயிறு பழையபடி வரும். புதுப் பிளக்கைத் திருப்பிக் கொடுத்தால் வாங்கிக்கொள்வார்களா என்று கேளுங்கள்.

கீழக்கரைக் காக்கா இதைப் படித்துவிட்டு டேப்பெட் வைக்க ஓட வேண்டாம். உங்கள் எஞ்சினில் ஹைட்ராலிக் டேப்பெட், இடைவெளியை எண்ணெய் அழுத்தமே சரி செய்துகொள்ளும்.

தங்கச்சிமடம் 350:

அண்ணே, மாமனாரிடம் கேட்டேன். சிரித்தார். "முள்ளைப் பார்க்காம யாரு மிதிக்கச் சொன்னா" என்றார். இத்தனை நாள் அவர் வாயைத் திறக்கவில்லை, நானும் கேட்கவில்லை, அது எங்கள் வீட்டு வழக்கம்.

கேபிளைக் கழற்றிவிட்டு நீங்கள் சொன்ன மாதிரி முள்ளைப் பார்த்து மிதித்தேன். லீவர் இல்லாததால் உச்சியில் காலால் அழுத்திக்கொண்டே நின்றேன். காற்று மெல்ல இறங்கி மேட்டைத் தாண்டியதும் கிக்கரை மேலே விட்டு ஒரு நீள மிதி. பிடித்துக்கொண்டது! ஸ்ஸ் சத்தமும் இல்லை, அப்படியானால் வால்வு சரிதானே? புதுக் கேபிள் போடும்போது எதைக் கவனிக்க வேண்டும்? அப்புறம் மாமனார் வண்டியை அணைப்பதற்கும் அந்த லீவரைத்தான் பிடிப்பாராம். அது சரியா?

உச்சிப்புளி ரைடர்:

சரி சரி, தோற்றுவிட்டேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். லீவர் இல்லாமலும் பிடிக்கிறது என்று நான் சொன்னதைத்தானே இவரும் இப்போது செய்திருக்கிறார். வள்ளத்தாரிடம் ஒரு கேள்வி: டீசல் புல்லட் என்று ஒன்று இருந்ததே, அதை எப்படி மிதித்தார்கள்?

பாம்பன் வள்ளத்தார்:

உச்சிப்புளித் தம்பி சொல்வதில் நியாயம் இருக்கிறது. ரிங் வழியாகக் காற்று கசியும் வரை காத்திருந்தால் லீவர் இல்லாமலும் மேட்டைத் தாண்டலாம். அவசரம் இல்லாதவர்களுக்கு அது போதும். எஞ்சின் புதுசாக, ரிங் இறுக்கமாக இருந்தால் நின்றுகொண்டே இருக்க வேண்டியதுதான்.

டீசல் புல்லட் என் செல்லப் பிள்ளை. டாரஸ் என்று பெயர். கிரீவ்ஸ் லம்பார்டினியின் 325 சிசி எஞ்சின், ஆறரை குதிரைச் சக்தி. தண்ணீர் இறைக்கிற மோட்டாருக்கும் நம் வள்ளத்துக்கும் வருகிற ஜாதி எஞ்சினை எடுத்துப் புல்லட் சட்டத்தில் வைத்துவிட்டார்கள். வேகம் கிடையாது, அதிர்வில் பல் ஆடும், ஆனால் ஒரு லிட்டருக்கு அது போகிற தூரத்தைப் பார்த்துப் பெட்ரோல் வண்டிக்காரர்கள் வயிறு எரிவார்கள். எஞ்சின் மேலேயே டீகம்ப்ரஷன் லீவர் இருந்தது. ஹேண்டில் சுற்றுவதற்குப் பதில் கிக், மற்றபடி முறை கிட்டத்தட்ட வள்ளத்து முறைதான். லீவரைத் தொடாமல் அதை மிதித்தவன் ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும். புகைக் கட்டுப்பாடு இறுகியதும் நிறுத்திவிட்டார்கள்.

தங்கச்சிமடம் தம்பிக்கு: சத்தம் நின்றது என்றால் வால்வு பிழைத்துக்கொண்டது. லீவரைப் பிடித்து அணைப்பதைப் பழைய ஆட்கள் நிறைய பேர் செய்வார்கள். நான் சொல்ல மாட்டேன். ஓடுகிற எஞ்சினில் திறந்தால் சூடான வாயு அந்தச் சின்ன வால்வு வழியாகத்தான் வெளியேறும், கார்பன் சேரும், சீட்டும் கெடும். சாவி எதற்கு இருக்கிறது? மாமனாரிடம் இதைச் சொல்ல வேண்டாம், நீங்கள் ஓட்டும்போது சாவியில் அணையுங்கள், போதும்.

கேபிள் வாங்கும்போது பழையதைக் கையோடு கொண்டுபோங்கள். புல்லட்டுக்குத்தானே என்று கேட்டு எடுத்துத் தருவார்கள், வருஷத்துக்கு வருஷம் நீளம் வேறுபடும். போடுவதற்கு முன்னால் அதற்கு எண்ணெய் குடிக்கக் கொடுக்க வேண்டும். கேபிளை ஓர் ஆணியில் செங்குத்தாகத் தொங்கவிட்டு, மேல் முனையில் பிளாஸ்டிக் கவரைக் கூம்பாகச் சுற்றி ரப்பர் பேண்ட் போட்டு, அதில் எஞ்சின் ஆயில் ஊற்றி ராத்திரி முழுக்க விடுங்கள். காலையில் கீழ் முனையில் சொட்டுச் சொட்டாக வந்திருக்கும். வரவில்லை என்றால் அந்தக் கேபிளில் அடைப்பு, கடைக்காரரிடமே திருப்பிக் கொடுங்கள். முனைகள் இரண்டிலும் கிரீஸ் வைத்து ரப்பர் பூட் மாட்டுங்கள். நம் கரையில் வாடைக் காலம் முடிந்ததும் ஒரு முறை, கச்சான் காற்று ஓய்ந்ததும் ஒரு முறை இதைச் செய்தால் கேபிள் உப்பாது. கிளட்ச், ஆக்சிலரேட்டர் கேபிளுக்கும் இதே வைத்தியம்தான்.

மாட்டும்போது லீவரில் இரண்டு மூன்று மி.மீ. ஆட்டம் இருக்க வேண்டும். ஆட்டமே இல்லாமல் இறுக்கினால், ஹேண்டிலைத் திருப்புகிற போதெல்லாம் கேபிள் இழுத்து வால்வைத் திறக்கும், திரும்பவும் ஸ்ஸ்தான். ஹேண்டிலை இரண்டு பக்கமும் கடைசி வரை திருப்பிப் பார்த்துவிட்டு நட்டை முறுக்குங்கள்.

தங்கச்சிமடம் 350:

சரி அண்ணே, செய்துவிடுகிறேன். டைமிங்கையும் பார்க்கச் சொல்லியிருக்கிறேன். ஸ்பிரிங் ஒன்று தளர்ந்துதான் இருந்தது என்று சொன்னார்கள், மாற்றுகிறார்கள். இந்த முறை வேறு பட்டறை.